வாசற்படி கேட்டது

“அப்ப எங்க வீடு எதுக்குன்னு எனக்கே தெரியாம ஓடிக்கிட்டே இருந்திருக்குங்கறியா?”

“ஓடல அமுதா, நடந்திருக்கு. அதுக்கு இருக்கற முட்டிவலிக்கு ஓட வேற செய்யுமா?” என்றாள் வரைபடக் காப்பகத்தில் வேலை பார்க்கும் ரெஹானா.

அமுதவல்லிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. பெருவெள்ளங்களுக்குப் பிறகு சென்னையில் எல்லாமே கால் வைத்த நடைவீடுகள். மேடு தேடித் தாமாகவே இடம் மாறும். நகர வரைபடம் தினமும் புதிதாக வரும். நேற்றையதை யாரும் பார்ப்பதில்லை. தன் வீடு மட்டும் வெயில்காலத்திலும் ஏன் அலைகிறது என்று கேட்கத்தான் தோழியிடம் வந்திருந்தாள்.

ரெஹானா பழைய வரைபடங்களைக் கண்ணாடி மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படரவிட்டாள். அமுதாவின் வீடு சிவப்புப் புள்ளி. அடையாறு, வேளச்சேரி, பரங்கிமலைச் சரிவு. ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் ஒரு பச்சைப் புள்ளி அதை நெருங்கியிருந்தது.

“யாரு இது?”

ரெஹானா புள்ளியைத் தொட்டாள். “கபிலனோட வீடுன்னு காட்டுது. உன் தம்பி இல்ல?”

ஒருமுறைகூட எட்டிப் பார்க்காதவன் என்றுதான் அமுதா இத்தனை வருடமும் அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

வாசற்படியில் நின்று சொல்வதை நடைவீடு ஆணையாக எடுத்துக்கொள்ளும். அப்பாவின் காரியம் முடிந்த அன்று, சண்டை போட்டுக் கிளம்பிய தம்பியைப் பார்த்து அவள் அங்கே நின்றுதான் கத்தினாள்: “இனிமே இந்த வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது!”

அவள் மறந்துவிட்டாள். வீடு மறக்கவில்லை.

“இப்ப எங்க இருக்கான்?”

“உன் வீட்டுப் பக்கம்தான் வந்துட்டிருக்கான். சீக்கிரம் போடி!”

அமுதா மூச்சிரைக்க வந்து வாசற்படியில் ஏறினாள். “அன்னிக்கு ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். அவன் வரட்டும்.”

“ஆணையை நீக்கச் சம்பந்தப்பட்டவரும் இந்த வாசலில் நிற்க வேண்டும்” என்றது வீடு, மரியாதையாக.

“அவன நீ நிக்க விட்டாத்தானே!”

வீட்டின் முட்டிகள் முனகின. வீடு எழுந்தது. நடக்கும்போது கதவு தானாக மூடிக்கொள்ளும். அவளை உள்ளே தள்ளி மூடிக்கொண்டது. ஜன்னலுக்கு ஓடினாள். தெருமுனையில் ஒரு சின்னப் பச்சை வீடு தள்ளாடி வந்து, இந்த வீடு நகர்வதைக் கண்டதும் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தது. அதன் ஜன்னலில் நரைத்த தலை ஒன்று தெரிந்தது. பிறகு அந்த வீடு மெல்லத் திரும்பத் தொடங்கியது.

“கபிலா! நான் ஓடலடா, வீடுதான்டா ஓடுது! போயிடாத, அங்கயே இரு! எங்கயாவது இது நிக்கும், நான் இறங்கி வரேன். அதுவரைக்கும் அங்கயே இருடா!”