இருக்கிறார், மறைந்தார்

மனிதன் மறையலாம், அவன் முகம் மறையக் கூடாது. இந்தப் பேருண்மையை உலகுக்கு எடுத்துச் சொல்லும் கடமை மணமேல்குடி கடைத்தெருவிலிருக்கும் தமது பிளக்ஸ் கடையின்மீது விழுந்திருப்பதாக முதலாளி உதயசூரியன் உறுதியாக நம்பினார். நடைமுறையில் அந்தக் கடமை, காதுகுத்து பேனருக்குப் படம் ஏற்றுவது எப்படி என்று கடையில் வேலைபார்க்கும் காவ்யா இரண்டு பக்கம் எழுதித் தருவதில் வந்து நின்றது.

படிக்கப்போவது ஆட்கள் அல்ல. வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் அனுப்பும் படத்தை வாங்கி, கருவியில் ஏற்றி, பேனரை வடிவமைத்து, அச்சு மெஷினுக்குத் தாமே அனுப்பிவிடும் ஏ.ஐ. ஏஜெண்டுகள். போன மாதம்வரை அந்த வேலையைப் பார்த்தவர்கள் இப்போது அறந்தாங்கியில் செல்போன் கவர் விற்கிறார்கள்.

"ஏஜெண்டு எதுத்துப் பேசாதும்மா," என்றார் உதயசூரியன். "எழுதுனத எழுதுனபடி செய்யும். எங்க வீட்லதான் ஒருத்தரும் அப்படி இல்ல."

காவ்யா எழுதினாள். ஒவ்வொரு படத்தோடும் பெயரும் நிலையும் தர வேண்டும். நிலை என்பது இரண்டில் ஒன்று: இருக்கிறார், மறைந்தார். காலியாக விட்டால் கருவி ஏற்காது. இருக்கிறவருக்கு மாலை போட்டு விளக்கேற்றிவிட்ட பழைய கேவலம் ஒன்று கடைக்கு உண்டு. அதே ஆளின் புதுப்படம் வந்தால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். மறைந்தவருக்கு மட்டும் அது கிடையாது. பதிந்த படமே கடைசிப் படம். இல்லாவிட்டால் எந்த போட்டோவில் அப்பா லட்சணம் என்று பங்காளிகள் காரியம் முடியும்வரை சண்டை போடுவார்கள். மறைந்தார் என்று வந்தால் கேள்வி கேட்காமல் உடனே அச்சுக்கு அனுப்ப வேண்டும், துக்கம் காத்திருக்காது. ஆண்களுக்கெல்லாம் நீலக் கோட்டு மாட்ட வேண்டும் என்பது முதலாளியின் சொந்தச் சேர்க்கை.

மாதிரிக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. அவள் போனில் இருந்தது ஒன்றுதான். புருஷன் திருப்பதி, கோட்டைப்பட்டினம் படகுத்துறையில், கட்டம்போட்ட சட்டையில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிப்பது. மற்ற படமெல்லாம் அவன் போனில். அந்த போனும் அவனோடு போயிற்று. விசைப்படகில் தொழிலுக்குப் போனவன், ஐப்பசிக் காற்றில் தவறி விழுந்தான் என்று கூட இருந்தவர்கள் வந்து சொன்னார்கள். உடல் கிடைக்கவில்லை. காரியம் செய்துவிடலாம் என்றவர்களை எல்லாம் "வந்துருவாருங்க" என்று சொல்லி அனுப்பினாள். உதயசூரியன் மட்டும் பெருந்தன்மையாக, "ஒனக்குன்னா பேனர் ஃப்ரீதாம்மா, பத்தடிக்கு எட்டு," என்றார். அவள் இரண்டு நாள் கடைக்கு வரவில்லை.

பெயர்: திருப்பதி. நிலை: இருக்கிறார். எழுதிவிட்டு அந்த வார்த்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த உலகத்தில் அவள் சொன்னதை அப்படியே நம்ப ஏஜெண்டாவது இருந்தது.

மறுநாள் பொழுது சாயும் நேரம், கடையில் அவள் மட்டும். வைகாசிப் புழுக்கத்தில் மைவாடை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது; வெளியே ஒரு பஸ் ஹாரனை அழுத்தியபடி போய், அந்தச் சத்தம் நெடுநேரம் கழித்தே தேய்ந்தது; உள்ளே மெஷின் ஓய்ந்தபிறகு, விசிறிக் காற்றில் தொங்கும் பேனர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்வது யாரோ ஈரத்துணியோடு நடப்பதுபோலக் கேட்டது. காவ்யா கிளம்புமுன் மாதிரிப் படத்தை ஒருமுறை திறந்து பார்த்தாள்.

சட்டைக் காலர் நனைந்திருந்தது.

வியர்வையாக இருக்கும். அன்றைக்கு அப்படி ஒரு வெயில். தன் போனில் இருந்த படத்தை எடுத்தாள். அதிலும் காலர் நனைந்திருந்தது.

திரையின் ஓரத்தில் ஒரு வரி: அதே நபரின் புதுப்படம், பழையது மாற்றப்பட்டது. அனுப்பியவர் இடத்தில் திருப்பதியின் நம்பர்.

முதலில் வந்தது பயமல்ல, சந்தோஷம். நாத்தனார் பிரகதீஸ்வரிக்கு போன் போட்டாள்.

"பிரகதி, ஒங்க அண்ணன் இருக்காரு. படம் அனுப்பிருக்காரு."

"எங்கிட்டு இருந்து, அண்ணி?"

"தெரியல. அவரு நம்பருதான்."

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்து அடங்கியது.

"அண்ணி," என்றாள் பிரகதி மெதுவாக, "போனு அண்ணன் சட்டைப்பையிலதான இருந்துச்சு."

மறுபடி அந்த வரி. மாற்றப்பட்டது.

சட்டை முழுக்க ஈரம். பின்னால் நின்ற படகுகள் இல்லை. வெயில் இல்லை, பாசிநிற வெளிச்சம். கடைக்குள் மைவாடையை மீறி உப்புவாடை, சேற்றுவாடை. பேனர்கள் உரசிக்கொண்டே இருந்தன. விசிறி நின்றுபோயிருந்தது.

மாற்றப்பட்டது. அவன் முடி, தண்ணீருக்குள் இருப்பதுபோல மேல்நோக்கி எழுந்து நின்றது.

கடையின் நெட்டை அணைத்தாள்.

மாற்றப்பட்டது. சிரிப்பைக் காணோம். அது இருந்த இடத்தில் உதடும் சரியாக இல்லை. மீன் கொத்தியிருந்தது.

"வேணாங்க," என்றாள் திரையைப் பார்த்து. "அந்த மொகத்த மட்டும் விட்டுருங்க."

கண்ணை இறுக மூடிப் பழைய முகத்தை நினைத்துப் பார்த்தாள். காலர் ஈரமாகத்தான் வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதுவும் வராது என்று தெரிந்தது. நிறுத்த ஒரே ஒரு வழி உண்டு. அதை எழுதியவளே அவள்தான். ஆனால் படம் வந்துகொண்டிருக்கும்வரை அவன் இருக்கிறான்.

மாற்றப்பட்டது. பக்கத்தில் வந்திருந்தான்.

மாற்றப்பட்டது. இன்னும் பக்கத்தில். கண் ஒன்றுதான். அது தேடிக்கொண்டிருந்தது.

மாற்றப்பட்டது. கண்டுபிடித்துவிட்டது.

வாய் திறக்கத் தொடங்கியது.

இருக்கிறார் என்பதை அழித்தாள். மறைந்தார் என்று போட்டாள்.

அடுத்த வரி வரவில்லை. பேனர்கள் அசையவில்லை.

பிறகு மெஷின் தானாகக் கிளம்பியது. ஏஜெண்ட் கேள்வி கேட்கவில்லை. சரக். சரக். முதலில் முடி. நெற்றி. கண். வாய். அதற்குக் கீழே மடிப்புக் கலையாத நீலக் கோட்டு, சிவப்பு டை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. பத்துக்கு எட்டு.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அந்த பேனர் இன்னும் நிற்கிறது. மை காயவில்லை, கீழ்விளிம்பு சொட்டிக்கொண்டே இருக்கிறது. கோட்டு நல்லா அமைஞ்சிருக்கு என்கிறார் உதயசூரியன். கோட்டுக்கு மேலே, ஒரு பெயரைக் கூப்பிட ஆரம்பித்து, முடிக்க விடாமல் நிறுத்தப்பட்ட வாய். யாருடைய பெயர் என்று காவ்யாவுக்குத் தெரியும்.

பேனர் அச்சான அன்று ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள். குறட்டை விட்டதாக, துணைக்கு வந்து படுத்த பிரகதி சொன்னாள்.