ஏழாம் நம்பர் மெஷின்

சிடியின் அடிப்பக்கத்தில் ஒரு கைரேகை இருந்தது.

ரோகிணி அதை ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பளபளவென்ற பரப்பில், நடுத்துளைக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு விரல் நுனி தெளிவாகப் பதிந்திருந்தது. அவள் சிடியை எப்போதும் ஓரத்தில்தான் பிடிப்பாள். பிள்ளைகளுக்கு முதல் வகுப்பில் அவள் சொல்லிக்கொடுப்பதே அதுதான். சேலைத் தலைப்பால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்துவிட்டு, ட்ரேயில் வைத்து உள்ளே தள்ளினாள்.

இரண்டாயிரத்து நாலு மே மாதம், கத்திரி வெயில். டி. கல்லுப்பட்டி தாண்டி, பருத்தி எடுத்து முடிந்த வெற்றுக் காடுகளுக்கு நடுவே தனியாக நின்ற அந்தப் பெண்கள் பள்ளியில், லீவு விட்ட பிறகு வாட்ச்மேன் நல்லகாமனும் ஒரு கோயில் மாடும் தவிர யாரும் இல்லை. லாபில் இருந்த பத்து கம்ப்யூட்டர்களிலும் திருட்டு விண்டோஸ். ஜூன் முதல் வாரம் இன்ஸ்பெக்ஷன். அதற்குள் எல்லாவற்றிலும் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் ஏற்றாவிட்டால் லாபை மூடிவிடுவார்கள், கம்ப்யூட்டர் டீச்சரும் வேண்டியதில்லை என்று தாளாளர் சொல்லியனுப்பியிருந்தார். தல்லாகுளத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஸ்ரீநாத்திடம் சொல்லி இரண்டு சிடி எழுதி வாங்கி வந்திருந்தாள்.

ஜனவரிக்குப் பிறகு அந்த அறையை அன்றுதான் திறந்தார்கள். ஏசிக்காகச் சன்னல்களையெல்லாம் பலகை வைத்து அடைத்திருந்ததால் உள்ளே பகல் என்பதே கிடையாது. பினாயில் வாடை, அதற்கடியில் சூடேறிய பிளாஸ்டிக் வாடை, அதற்கும் அடியில் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு புளித்த வாடை. கதவின் வெளிப்பக்கம் பழைய பழுப்பு நிறத்திலேயே இருந்தது. உட்பக்கத்துக்கு மட்டும், அதுவும் இடுப்புயரத்துக்கு மட்டும், புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். ரோகிணி அதைப் பார்த்தாள். அது மனசை ஒன்றும் செய்யவில்லை. நாலு மாதமாகவே அப்படித்தான். சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, கை சுட்டால்கூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

டிரைவ் விர்ரென்று சுற்றியது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி, பிறகு புள்ளிகள். சுற்றல் மெல்ல அடங்கியது. நீல வானமும் வெள்ளை மேகமுமாகப் பழைய விண்டோஸ் வந்து நின்றது.

வெளியே எடுத்தாள். துடைத்த அதே இடத்தில் அதே ரேகை. பக்கத்தில் இன்னொன்று.

செல்போனில் ஸ்ரீநாத்தைக் கூப்பிட்டாள்.

"பூட் ஆக மாட்டேங்குதுண்ணே. பழைய விண்டோஸ்தான் வருது."

"பயாஸ்ல சிடிய மொதல்ல வச்சீங்களா மேடம்?"

"வச்சுட்டேன்."

"அப்ப இன்னொரு சிடியப் போட்டுப் பாருங்க. ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டும்னுதான் ரெண்டு எழுதிக் குடுத்தேன். யாரோ கதவத் தட்டுறாங்க பாருங்க மேடம். நான் லைன்லயே இருக்கேன்."

ரோகிணி திரும்பிப் பார்த்தாள். "கதவு தொறந்துதாண்ணே கெடக்கு."

"இல்ல, தட்டுறாங்களே. நல்லாக் கேக்குது."

அவளுக்கு யூபிஎஸ்ஸின் முனகலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. "கிராஸ் டாக்கா இருக்கும்," என்று சொல்லி வைத்தாள்.

உறையைப் பிரிக்காத இரண்டாவது சிடியைப் பிரித்தாள். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. போட்டாள். சுற்றியது, அடங்கியது, மேகம் வந்தது. எடுத்தாள். மூன்று ரேகை.

குற்றம் எங்கே என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். அவள் படித்தது அது. கேபிளைக் கழற்றி மாற்றினாள். நாலாம் நம்பரின் டிரைவை எடுத்து ஒன்றாம் நம்பரில் பொருத்தினாள். பூட் பிளாப்பி போட்டுப் பார்த்தாள். பிறகு மெஷினையே மாற்றினாள். இரண்டு. மூன்று. நாலு. ஒவ்வொரு தடவையும் சிடி வெளியே வரும்போது ரேகைகள் கூடியிருந்தன. சின்ன விரல்கள். சில இடங்களில் விரல் பதியவில்லை, இழுபட்டிருந்தது. வழுக்குகிற எதையோ பற்றிக்கொள்ளப் பார்த்த மாதிரி. துடைத்துத் துடைத்துத் தலைப்பின் ஓரம் ஈரமாகியிருந்ததைப் பிறகுதான் கவனித்தாள்.

ஐந்து. ஆறு. அடுத்து எட்டு. ஒன்பது. பத்து.

எதிலும் இல்லை.

மணி மூன்று இருக்கும். ஸ்ரீநாத்தே கூப்பிட்டான்.

"என்ன மேடம், ஆச்சா?"

"ஒம்பதுலயும் போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணுலயும் ஆகல."

"பத்து மெஷினுன்னீங்க?"

அவள் மூலைப் பக்கம் பார்க்காமல் சிடியைத் துடைத்தாள்.

"மிச்சம் உள்ளதுலயும் போட்டுப் பாத்துருங்க. அதுலயும் ஆகலன்னா சிடி ரெண்டும் கோளாறு. நான் நாளைக்கு வேற எழுதித் தாரேன். மேடம், அந்தச் சத்தம் இன்னும் கேக்குது. காலைல பலமாக் கேட்டுச்சு. இப்ப மெல்லமாத்தான் இருக்கு. ரொம்ப நேரம் தட்டித் தட்டிக் கை ஓஞ்ச மாதிரி. அங்க யாரு மேடம் இருக்கா?"

அவள் போனை அணைத்துவிட்டாள்.

ஏழாம் நம்பர் சுவரோர மூலையில் இருந்தது. அதன் மேசைக்கடியில்தான் செல்லக்கிளி கிடந்தாள். ஒன்பதாம் வகுப்பு, ஹாஸ்டல் பிள்ளை. பொங்கலுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காய்ச்சலோடு லாபுக்கு வந்தவள், ஏசிக் குளிருக்கு இதமாகத் தரைவிரிப்பில் படுத்துத் தூங்கிவிட்டாள். ரோகிணிக்கு நாலே முக்கால் பஸ். குனிந்து பார்க்கவில்லை. விளக்கை அணைத்தாள், பூட்டினாள், சாவியை அப்போதைய வாட்ச்மேன் மருதுவின் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். பிள்ளை ஊருக்குப் போய்விட்டதென்று ஹாஸ்டலில் நினைத்தார்கள். ஹாஸ்டலில் இருக்கிறதென்று வீட்டில் நினைத்தார்கள். திறந்தது ஆறு நாள் கழித்து, திங்கட்கிழமை.

"நான் பூட்டல சார். டீச்சர்தான் பூட்டிச் சாவியக் குடுத்தாக," என்று மருது கையெடுத்துக் கும்பிட்டான். இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஞாபகம் இல்ல சார்," என்றாள் ரோகிணி.

மூன்று மாதமாக மருது மதுரை ஜெயிலில் இருக்கிறான்.

நாற்காலியை இழுத்து ஏழாம் நம்பர் முன்னால் உட்கார்ந்தாள். கால்களை மேசைக்கடியில் நீட்டவில்லை. பக்கவாட்டில் ஒடுக்கி வைத்துக்கொண்டாள். சிடியைத் துடைத்தாள். சுவிட்சைப் போட்டாள். ட்ரே வெளியே வந்தது, வாங்கிக்கொண்டது, உள்ளே போனது.

டிரைவ் சுற்றியது. இந்த முறை அடங்கவில்லை.

கறுப்புத் திரையின் மேல் வெள்ளை எழுத்துகள் வந்தன. வரி வரியாக, கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் மேலே ஏறிக்கொண்டே போயின. பிறகு நீலப் பெட்டி. எந்த மொழி என்று கேட்டது. எந்த விசைப்பலகை என்று கேட்டது. இன்ஸ்டால் செய்யும்போது வழக்கமாகக் கேட்கிற கேள்விகள்தான். ரோகிணி ஒவ்வொன்றுக்கும் வலது கையால் பதில் தட்டினாள். பழையதையெல்லாம் அழித்துவிடவா என்று கேட்டது. ஆம் என்றாள். சதவீதம் ஓட ஆரம்பித்தது.

குற்றம் சிடியில் இல்லை. டிரைவில் இல்லை. கேபிளில் இல்லை.

அதற்கு மேல் அவள் கழித்துப் பார்க்கவில்லை.

"டீச்சர்."

நல்லகாமன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர், மருதுவின் இடத்துக்கு மார்ச்சில் வந்தவர். கையில் டீ கிளாஸ். வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"என்னண்ணே?"

"மத்தியானத்துலருந்து தட்டுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நீங்கதான் ஆணி கீணி அடிக்கீகளாக்கும்னு இருந்தேன்." அவர் அவளைப் பார்த்துப் பேசவில்லை. அவளுக்குக் கீழே எங்கோ பார்த்தார். "கூடப் பிள்ளை வந்திருக்குன்னு சொல்லவே இல்லையே டீச்சர்."

"எந்தப் பிள்ளை?"

"அந்தா. மேசைக்கடியில." அவர் டீ கிளாஸால் சுட்டிக் காட்டினார். "வெளிய வரச் சொல்லுங்க. அங்கன என்னத்துக்கு உக்காந்திருக்கு அது?"

ரோகிணி குனியவில்லை. அன்றைக்கும் குனியவில்லை. திரையில் நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. அவர் கையிலிருந்த டீ விளிம்பில் தளும்பி, சிமென்ட்டில் சொட்டுவது அவளுக்குக் கேட்டது. அது கேட்டது. வேறெதுவும் இல்லை.

"அது ஒங்களத்தான் பாக்குது டீச்சர்."

"மருது பூட்டலண்ணே," என்றாள். குரல் பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. "நாந்தான் பூட்டினேன். எனக்கு ஞாபகம் இருக்கு. வெளக்க அணைச்சேன். பூட்டுனேன். பூட்ட இழுத்துப் பாத்தேன்."

கிளாஸ் உடைந்தது. வராந்தாவில் செருப்புச் சத்தம் ஓடியது. தூரமாய்ப் போய், மண்ணில் இறங்கி, இல்லாமல் போனது.

அறுபது. அறுபத்தொன்று.

இடது கை மேசை விளிம்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே இருந்தாள். கை வரவில்லை.

அப்போதுதான் தெரிந்தது. நாலு மாதத்தில் முதன்முறையாகத் தோலில் ஒன்று படுவது உடனே தெரிந்தது. சில்லென்று. கொஞ்சம் பிசுபிசுப்பாக. முதலில் சுண்டு விரலை ஒன்று தொட்டது. தடவிப் பார்த்தது. இருட்டில் தாழ்ப்பாளைத் தேடுகிற மாதிரி மேலே ஏறி, உள்ளங்கைக்குள் நுழைந்து, தன் விரல்களை அவளுடைய விரல்களுக்கு இடையில் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டது.

ரொம்பச் சின்னக் கை.

அது அவள் கையை இறுக்கிப் பிடித்தது. பிறகு இன்னும் இறுக்கமாக.

நுனியில் எந்த விரலுக்கும் நகம் இல்லை.