சாப்ட்டியா பாப்பா?

ஃபோன் அதிர்ந்தது.

அவள் எடுக்கவில்லை. கான்ஃபரன்ஸ் அறையில், பெரிய திரைக்கு முன்னால் நின்று வாடிக்கையாளர்களுக்கு வித்தை காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வரிகூட புரோகிராம் எழுத வேண்டாம் சார். என்ன வேணும்னு சாதாரணமா பேசுங்க போதும். ஏ.ஐ. அதுவே புரோகிராம் பண்ணிக் குடுத்துடும்."

"நாங்க சொல்லாததையும் சேத்துப் பண்ணி வச்சா?" வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் கேட்டார்.

"பண்ணாது சார். சொன்னத மட்டும்தான் செய்யும். அதான் இதோட அழகே."

எல்லோரும் சிரித்தார்கள்.

ஃபோன் மறுபடி அதிர்ந்தது. மாமா. அம்மாவின் தம்பி. லாரி ஓட்டுகிறவர். ஒரு தடவை அடித்து எடுக்கவில்லை என்றால் விட்டுவிடுகிற ஆசாமி.

மூன்றாவது முறையும் அதிர்ந்தபோது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"மாமா, மீட்டிங்ல இருக்கேன்..."

"அம்மா போயிட்டா, பாப்பா."

"எங்க போயிட்டாங்க?"

மறுமுனையில், மலை மாதிரி இருக்கிற அந்த மனிதர் ஓவென்று அழுதார்.

"அக்கா செத்துப் போயிட்டா பாப்பா. செத்து ரெண்டு வாரமாவது இருக்கும்கறார் டாக்டரு. நான் லோடு எறக்கிட்டு இன்னிக்குத்தான் வந்தேன். கதவத் தொறந்தா..."

அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. கோபம்.

"என்ன மாமா உளர்றீங்க? இன்னிக்கு காலைலகூட அம்மா எனக்கு மெசேஜ் போட்டிருக்காங்க!"

திரையைத் தள்ளினாள். இருந்தது.

'சாப்ட்டியா பாப்பா?'

கீழே அவளுடைய பதில். 'சாப்ட்டேம்மா. நீ?'

அதற்கும் கீழே அம்மா. 'ஆச்சு. உடம்பப் பாத்துக்கோ.'

செத்துப் போனவள் இன்று காலை எப்படிச் சாப்பிட்டாள்...?

அவள் ஊர் வந்து சேர்ந்தபோது அம்மாவைப் போஸ்ட்மார்ட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். முகத்தைக்கூட முழுசாகக் காட்டவில்லை. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தாள்.

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு, அதே கண்ணாடியை மேஜை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சைபர் பிரிவிலிருந்து வந்த ஓர் இளம்பெண். அந்தப் பெண்ணின் லேப்டாப்போடு வயரால் இணைந்து, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அம்மாவின் ஃபோன்.

சுவரோரப் பெஞ்சில் மாமா. சட்டை பொத்தான் மாறிப் போட்டிருந்தார். சவரம் செய்யாத முகம்.

"உக்காருங்கம்மா. வீட்டுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு உங்க அம்மாகிட்ட. இன்னொண்ணு?"

"மாமாகிட்ட." அவள் பெஞ்சைப் பார்க்காமலே சொன்னாள். "சார், எங்கம்மாவ யாரோ கொன்னுட்டு, வெளிய தெரியக் கூடாதுன்னு அவங்க பேர்ல எனக்கு மெசேஜ் போட்டிருக்காங்க. அது யார்னு சாவியக் கேளுங்க. தெரியும்."

மாமா நிமிர்ந்தார். பேயறைந்த மாதிரி பார்த்தார்.

"என்னையா சொல்ற? நான் தூக்கி வளத்த பொண்ணு... என்னையா?"

"பின்ன யாரு மாமா?"

"நான் ரோட்டுல கெடந்தேன் பாப்பா. அக்கா ஃபோன எடுக்கலன்னு உன்னைத்தானே கேட்டேன்? அம்மா நல்லாருக்காளான்னு கேட்டேன். 'இப்பதான் பேசினேன் மாமா, சூப்பரா இருக்காங்க'ன்னு நீதானே சொன்ன?"

சொன்னது அவள்தான்.

மேஜைத் தொலைபேசி அலறியது. இன்ஸ்பெக்டர் எடுத்தார். 'உம்' கொட்டினார். வைத்தார்.

"போஸ்ட்மார்ட்டம் வந்தாச்சு. ஹார்ட் அட்டாக். அடி இல்ல, விஷம் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. லாரிக்காரரே, கண்ணத் தொடச்சுக்கிட்டு பொத்தானச் சரியாப் போடுங்க."

"அப்ப மெசேஜ் போட்டது யாரு சார்?" என்றாள் அவள்.

சைபர் பெண் தொண்டையைச் செருமினாள்.

"யாரும் போடல மேடம். ஒரு புரோகிராம் போட்டிருக்கு. இந்த ஃபோன்லயே இருக்கு. ஃபோன் கட்டில் பக்கத்துல சார்ஜர்ல இருந்துச்சு. அதான் நிக்காம ஓடிட்டே இருந்திருக்கு."

"யாரு பண்ணின புரோகிராம்?"

"அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். கோச்சுக்காதீங்க. அம்மாவுக்கு உங்க பதில் எல்லாம் கண் மூடித் தொறக்கறதுக்குள்ள வந்திருக்கு. தினமும். ஒரே மாதிரி. அதப் போட்டது நீங்களா?"



அவள் தலை குனிந்தாள்.

"இல்ல... நானும் ஒண்ணு பண்ணி வச்சிருந்தேன்."

மாமாவுக்குப் புரியவில்லை. இன்ஸ்பெக்டருக்குப் புரிந்தது. கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினார்.

"என்ன சொல்லிப் பண்ணினீங்க? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க."

"'அம்மா எது எழுதினாலும் அன்பா பதில் சொல்லு. சாப்ட்டியான்னு கேட்டா, சாப்ட்டேன்னு சொல்லு. வேலை நேரத்துல என்னைக் கூப்பிடாத. ஒரு நாள் முழுக்க அம்மாகிட்ட இருந்து ஒண்ணுமே வரலன்னா மட்டும் அலாரம் அடி'ன்னு." அவள் இன்ஸ்பெக்டரை நிமிர்ந்து பார்த்தாள். "பாதுகாப்புக்குத்தான் சார் அந்த அலாரம். அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா உடனே தெரியணும்னுதான்..."

"அடிச்சுதா?"

"ஒரே ஒரு தடவ. நாலு மாசம் இருக்கும். அம்மா ஃபோன வீட்லயே வச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. எனக்கு மீட்டிங்ல அலாரம் கத்தி மானம் போச்சு. அன்னிக்கு அம்மாவ... ரொம்பத் திட்டிட்டேன்."

"ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போனாங்க?"

அதை அவள் கேட்கவே இல்லை.

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இந்த ஃபோன்ல இருக்கற புரோகிராம் அதுக்கு அடுத்த நாள் பண்ணினது," என்றாள் சைபர் பெண். "டைப் பண்ணல. பேசியே பண்ணியிருக்காங்க. குரல் அப்படியே இருக்கு. போடட்டுமா?"

"அம்மாவா? அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்களுக்கு..." சட்டென்று நிறுத்தினாள். கற்றுக்கொடுத்ததே அவள்தான். போன முறை வந்திருந்தபோது, செடிக்குத் தண்ணீர் ஊற்ற நினைவுபடுத்தும் புரோகிராம் ஒன்றை விளையாட்டாகச் செய்து காட்டினாள். 'பேசினா போதும்மா. பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட சொல்ற மாதிரி சொல்லு. செஞ்சுடும்.'

சைபர் பெண் பட்டனைத் தட்டினாள்.

அம்மாவின் குரல் அறைக்குள் வந்தது. கொஞ்சம் மூச்சிரைப்போடு.

"தம்பி... கேக்குதாப்பா? என் பொண்ணு வேலையில மூச்சு விட நேரமில்லாம இருக்கா. என்கிட்ட பேசறதுக்கு உன்னை மாதிரி ஒரு ஆள வச்சிருக்கா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கா. போகட்டும், பாவம். நேத்து நான் மெசேஜ் போடலன்னு அவளுக்கு ஆபீஸ்ல மணியடிச்சு, எல்லார் முன்னாடியும் தலைகுனிவாப் போச்சாம். இனிமே அப்படி ஆகவே கூடாதுப்பா. நான் மறந்தாலும், முடியாமப் படுத்துட்டாலும், நீ காலையிலயும் சாயங்காலமும் சாப்ட்டியா பாப்பான்னு கேட்டுடு. திருப்பிக் கேட்டா ஆச்சு, உடம்பப் பாத்துக்கோன்னு சொல்லிடு. அவ நிம்மதியா வேலை பாக்கட்டும்."

மாமா துண்டை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினார்.

அவள் அழவில்லை. அழத் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அலாரம் அடிக்கும் என்று நம்பியது அவள். அது அடிக்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டது அம்மா. இரண்டு புரோகிராமும் சொன்னதை அப்படியே செய்திருந்தன. சொல்லாததைச் செய்யவில்லை.

"அம்மா கையால போட்ட கடைசி மெசேஜும் இருக்கு," என்றாள் சைபர் பெண், மெதுவாக. "ரெண்டு வாரம் முன்னாடி, ஒரு மத்தியான நேரம். பாக்கறீங்களா, வேண்டாமா?"

"காட்டுங்க."

லேப்டாப் திரும்பியது.

'நெஞ்ச அடைக்குது. நீ பாப்பா இல்லன்னு தெரியும். பரவால்ல. நீயாவது கொஞ்ச நேரம் இரு.'

பதில் உடனே வந்திருந்தது. அன்பாக.

'இங்கதான் இருக்கேம்மா. தண்ணி குடிச்சுட்டு படு. சாப்ட்டியா?'

அப்போதுதான் அவள் அழுதாள். மேஜையில் நெற்றியை முட்டி முட்டி அழுதாள். மாமா எழுந்து வந்தார். கொஞ்ச நேரம் முன்னால் கொலைகாரன் என்று தன்னைச் சொன்னவளின் தலையில் கையை வைத்தார்.

சாயங்காலம் ஆகியிருந்தது.

அவள் பையில் ஃபோன் துள்ளியது.

'சாப்ட்டியா பாப்பா?'

"ஓடிட்டுதான் இருக்கு. ரெண்டையும் நிறுத்திடவா மேடம்?" சைபர் பெண் கேட்டாள்.

"ஒரு நிமிஷம்." அவள் தன் புரோகிராமை அணைத்தாள். கண்ணீர் சொட்டிய திரையைப் புறங்கையால் துடைத்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, தன் விரலால் அம்மாவுக்குப் பதில் எழுதினாள்.

'இன்னும் இல்லம்மா.'

அனுப்பினாள்.

மறுவிநாடி, பிளாஸ்டிக் உறைக்குள் அம்மாவின் ஃபோன் அலறியது...!

எல்லோரும் துள்ளி எழுந்தார்கள். உறையோடு சேர்ந்து மேஜையில் குதித்துக் குதித்து, ஸ்டேஷனே அதிரும்படி மணியடித்தது. திரை பளீரென்று மின்னியது.

"என்னம்மா ஆச்சு அதுக்கு?" இன்ஸ்பெக்டர் கத்தினார்.

சைபர் பெண் திரையில் எதையோ தேடினாள். முகம் வெளிறியது.

"சார்... குரல்ல கடைசியா கொஞ்சம் மிச்சம் இருக்கு. இடையில பேச்சே இல்ல, அதனால முடிஞ்சுடுச்சுன்னு விட்டுட்டேன்."

தட்டினாள்.

"...இன்னொண்ணு தம்பி. அவ வச்சிருக்கற ஆளு எப்பக் கேட்டாலும் சாப்ட்டேன்னுதான் சொல்லும். என் பொண்ணு பொறந்ததுலேருந்து ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல. இன்னும் இல்லம்மான்னுதான் சொல்லுவா. அப்படி என்னிக்காவது வந்தா, அது அவளேதான். அப்ப மட்டும் நல்லா சத்தமா மணியடிச்சுடு. நான் தூங்கிட்டிருந்தாலும் எழுப்பிடு. ஓடி வந்து பேசிடறேன்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. நிறுத்த யாருக்கும் கை வரவில்லை.

"கேஸ முடிச்சுடலாமா சார்?" சைபர் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "குற்றவாளின்னு யாரப் போடறது?"

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து, 'அம்மா' என்றிருந்த எண்ணைத் தேடிக்கொண்டே வாசலுக்கு நடந்தார்.

"அம்மாவுக்கு ஃபோன் பண்ணாததெல்லாம் குத்தம்னா, கைது பண்றதுக்கு ஸ்டேஷன்ல ஆளே மிஞ்சாதும்மா."