இடப்பக்கப் பள்ளம்

இங்வோர் அந்த வளைவுக்கு வந்து சேர்ந்தபோது இரவு எட்டரை மணி. வடக்கு சுவீடனில் மே மாதத்து வெயில் அந்த நேரத்துக்கும் போகாது. சாலையின் மட்டத்துக்கு இறங்கி, கண்ணுக்கு நேராக நின்றுகொண்டு, ஓட்டுகிறவர்களைக் குருடாக்கும்.

அன்று அவளுக்கு அது மூன்றாவது அழைப்பு. புதுக் குட்டி போடும் முன் தாய் எல்க் மான்கள் போன வருடத்துக் குட்டிகளை விரட்டிவிடும் காலம். போக்கிடம் தெரியாத அந்தக் குட்டிகள் சாலைக்கு வரும், வண்டியில் அடிபடும், காலை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடும். நாயோடு போய் அவற்றைக் கண்டுபிடித்து வலியை முடித்துவைப்பது இங்வோரின் வேலை. முப்பது வருடமாக அதைத்தான் செய்கிறாள்.

"இன்னிக்கு என்னால முடியலப்பா. முட்டி ரெண்டும் கழண்டு விழற மாதிரி இருக்கு" என்று போலீஸ் கட்டுப்பாட்டு அறை லென்னார்ட்டிடம் போனில் சொல்லிப் பார்த்தாள்.

"உன் முட்டியப் பத்தி மானுக்கு யாரும் சொல்லலையே. போயிட்டு வந்துடு. ஸ்டோர்நேஸ் ரோடு, ஆத்தோர வளைவு."

பதினோரு வருடமாக அவள் அந்த வளைவுப் பக்கம் வந்ததில்லை. இருபது கிலோமீட்டர் அதிகமானாலும் சுற்றித்தான் போவாள். அன்று மறுத்துப் பேசக்கூடத் தெம்பில்லை.

வெள்ளை வேன் ஒன்று வளைவுக்குச் சற்று முன்னால் சாலையின் நடுவிலேயே நின்றிருந்தது. கண்ணாடி முழுக்கக் குளிர்காலத்து உப்பும் புழுதியும். வெயில் பட்டதும் பால் ஊற்றியது போல வெளுத்துக் கிடந்தது. ஓட்டிவந்தவன் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். டோர்கெல் என்று பெயர். முப்பது வயதிருக்கும்.

"எந்தப் பக்கம் ஓடுச்சு?"

"மான் இல்லீங்க."

"போன்ல மான்னுதானே சொன்னீங்க?"

"பின்ன என்னன்னு சொல்றது? ஒரு பொம்பளைங்க. நடு ரோட்ல நின்னு கையக் காட்டினா. வெயில்ல ஒண்ணுமே தெரியல. கிட்ட வந்ததும் பிரேக் போட்டேன். தொம்முனு ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தா ஆளே இல்ல."

இங்வோர் வேனின் முகப்பைத் தடவிப் பார்த்தாள். ஒரு நசுங்கல் இல்லை. படிந்த புழுதி கூடக் கலையவில்லை.

"எவ்வளவு நேரமா ஓட்டிட்டு வர்றீங்க?"

"பதினோரு மணி நேரம்."

"கண்ணசந்திருப்பீங்க."

"இல்லீங்க." அவன் குரல் இறங்கியது. "அவ என் கண்ணையே பார்த்தா."

கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். வாய் கேட்டுவிட்டது.

"கால்ல என்ன போட்டிருந்தா?"

"ஒரு கால்லதான் பூட்ஸ். இன்னொண்ணு வெறுங்கால்."

இங்வோர் வேனைப் பிடித்துக்கொண்டாள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே வளைவில், இதே போன்ற வெயிலில், ஒருவன் மானை இடித்துவிட்டதாகச் சொன்னான். வலது பக்கம் காட்டுக்குள் ஓடியது என்றான். அன்றும் இங்வோருக்கு அது கடைசி அழைப்பு, அன்றும் உடம்பு கெஞ்சியது. நாய் இடது பக்கப் பள்ளத்தை நோக்கி இழுத்தது. அவள் அதை அதட்டி வலப்பக்கம் கூட்டிப்போய், பத்து நிமிடம் சுற்றிவிட்டு, 'மானுக்குக் காயமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலையில் இடப்பக்கப் பள்ளத்தில் ஹெட்விக் என்ற பெண்ணைக் கண்டெடுத்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்துபோனவள். அவன் இடித்தது மானை அல்ல, அவளை. ஒரு காலில்தான் பூட்ஸ் இருந்தது. நடுநிசி வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

நாய் எந்தப் பக்கம் இழுத்தது என்பதை இங்வோர் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அவளிடம் இருப்பது வேறு நாய், பிர்கா. கதவைத் திறந்ததும் இறங்கித் தரையை முகர்ந்தது. முதுகு மயிர் சிலிர்த்தது.

இடது பக்கம் இழுத்தது.

இந்த முறை இங்வோர் பின்னாலேயே போனாள்.

பள்ளத்தில் அழுக்குப் பனி இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. உருகிய மண்ணின் புளித்த வாடை. எங்கோ பக்கத்தில் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. போன வருடத்து மஞ்சள் புல் ஓரிடத்தில் மட்டும் அமுங்கிக் கிடந்தது. ஒருக்களித்துப் படுத்த ஆள் அளவுக்கு.

அவள் குனிந்து கையை வைத்தாள்.

சூடாக இருந்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் எதிரில் இருந்த சாலையின் அடிவயிறு கண்ணில் பட்டது. சாலைக்கு அடியில் குறுக்கே போகும் நீர்க்குழாயைப் பனி உருகிய வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. அடியில் மண்ணே இல்லை. ஒரு சாண் கனத் தார் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. மேலிருந்து பார்த்தால் நல்ல சாலை. டோர்கெலின் வேன் அதற்கு நாலு அடி முன்னால் நின்றிருந்தது.

"வண்டியப் பின்னால எடுங்க!" என்று கத்திக்கொண்டே தவழ்ந்து ஏறினாள். "ரோடு அடியில பொள்ளலா இருக்கு! எடுங்க!"

அவன் விழுந்தடித்து வேனைப் பின்னால் எடுத்தான். அதற்குள் வளைவின் மறுபக்கம் கார் ஒன்றின் இரைச்சல். வேகமாக வந்தது. இங்வோர் இரண்டு கைகளையும் வீசினாள். நடுவில் மரங்கள். காரில் இருப்பவர்களுக்கு அவள் தெரிய வழியில்லை.

டயர் கிறீச்சிட்டது.

கார் அந்தப் பக்கம் விளிம்பிலேயே நின்றது. பின் இருக்கையில் இரண்டு சிறுபிள்ளைகள். ஓட்டிவந்த தாய் வெளுத்த முகத்தோடு இறங்கினாள்.

"அவங்க எங்க?" என்றாள். "குறுக்க வந்து நின்னாங்களே! அய்யோ, இடிச்சுட்டேனா?"

"யாரும் இல்லம்மா," என்றாள் இங்வோர். "பிள்ளைங்கள அங்கருந்து தூரமாக் கூட்டிட்டுப் போங்க. சீக்கிரம்."

அவர்கள் விலகிய பிறகு தார் பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் போட்டது. பிறகு மொத்தமாக உள்ளே இறங்கிவிட்டது.

சாலைத்துறை ஆட்கள் வந்து தடுப்பு வைக்கும்வரை இங்வோர் அங்கேயே நின்றாள். பிறகு லென்னார்ட்டைக் கூப்பிட்டாள்.

"ஹெட்விக்க ஞாபகம் இருக்கா? அன்னிக்கு நாய் இடப்பக்கம்தான் இழுத்துச்சு, லென்னார்ட். எனக்குத் தெரியும். களைப்பா இருந்துச்சுன்னு நான் போகல."



"நாளைக்கு நேர்ல வந்து சொல்லு, எழுதிக்கறேன்," என்றான். "இப்ப மெதுவா ஓட்டிட்டு வீட்டுக்குப் போ."

பிர்காவைப் பின்கூண்டில் ஏற்றினாள். அது உறுமவில்லை, மூலையில் சுருண்டு முகத்தை மறைத்துக்கொண்டது. இங்வோர் பெல்ட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

டிங். டிங். டிங்.

முன்பலகையில் சிவப்பு விளக்கு மினுக்கியது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று அர்த்தம்.

இருக்கையில் யாரும் இல்லை. ஒரு பை கூட இல்லை.

அவள் வண்டியை நிறுத்தினாள். பயப்படக்கூட அவளிடம் சக்தி மிச்சமில்லை. எட்டி அந்தப் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். மணி ஓய்ந்தது, விளக்கு அணைந்தது.

பெல்ட் இருக்கையில் படியவில்லை. ஒரு கையகலம் முன்னால் புடைத்து நின்றது.

மெல்ல உயர்ந்தது. மெல்லத் தாழ்ந்தது. மறுபடியும் உயர்ந்தது.