மனமடல் வழக்கு

செவ்வாய்க் கோளின் அல்லிக்குன்றுக் குடியிருப்பில், பள்ளி மணி அடிக்கும் முன் பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்று தலையைக் குனிவார்கள். ஒரு காலத்தில் நகம் வெட்டியிருக்கிறதா, தலை வாரியிருக்கிறதா என்று பார்த்ததைப்போல, காவற்செவி என்ற எந்திரம் ஒவ்வொருவரின் காதுக்குப் பின்னால் பதித்த சில்லைத் தொட்டு, முந்தின நாள் அவர்கள் அனுப்பிய மனமடல்களைப் படிக்கும். வாயைத் திறக்காமல், நினைத்த மாத்திரத்தில் இன்னொருவரின் சில்லுக்குப் போய்ச் சேரும் செய்திதான் மனமடல். காவற்செவிக்கு முகம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, யாருக்கும் கூச்சமும் இருந்ததில்லை.

பதினைந்து வயது நிறைமதி தலையைக் குனிந்த அன்று வரிசை நகரவில்லை.

அவளுடைய அப்பா துருவத்தில் பனிச் சுரங்கத்தில் இருந்தார். அம்மா திலகா காற்றாலையில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு சில்லுக்குள் மூழ்கிவிடுவாள். நிறைமதி மனம்விட்டுப் பேசியதெல்லாம் வகுப்புத் தோழி சஃப்ரினாவிடம்தான், அதுவும் மனமடலில். முந்தின நாள் நீளமாக ஒன்று அனுப்பியிருந்தாள். தலைமையாசிரியை மரகதவல்லி பூமியைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் அங்கே மழை பெய்வதைப் பற்றி மணிக்கணக்கில் பாடம் எடுக்கிறார். நாமெல்லாம் மூடிய டப்பாவுக்குள் வளர்கிற கீரை. பக்கத்துக் கீரையோடுகூடப் பேச முடியாத கீரை. உனக்கும் இப்படித் தோன்றியிருக்கிறதா?

சஃப்ரினாவிடமிருந்து உடனே பதில் வந்தது. “எனக்கும் அப்படித்தான்டீ. உனக்கு நான் இருக்கேன்.” கூடவே ஒரு இதயம். அதை நினைத்து நினைத்துப் பார்த்தபடியே நிறைமதி தூங்கிப்போனாள்.

குடியிருப்பின் மனவுறுதியைக் குலைத்தாள் என்று சொல்லி, மரகதவல்லி அவளைப் பள்ளியிலிருந்து நீக்கினார். நீக்கப்பட்ட பிள்ளைகளைச் சுரங்க விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். படிப்பு அதோடு சரி. திலகா கெஞ்சிப் பார்த்தாள். பலிக்காமல் போகவே, வக்கீல் இருதயராஜைப் பிடித்துக் குடியிருப்பு மன்றத்தில் வழக்குப் போட்டாள். தோழிக்குத் தோழி தனியாகச் சொன்னதைக் கேட்கப் பள்ளிக்கு என்ன உரிமை என்ற கேள்வி ஊரெல்லாம் பரவியது. யார் யாரோ நிறைமதிக்கு ஆதரவு அனுப்பினார்கள்.

மன்றத்தில் காவற்செவி சாட்சி சொன்னது. அந்த மடலை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தது. மழையைப் பற்றி அவள் இதற்கு முன்பு எழுதியதையும், அப்பாவின் குரல் மறந்துகொண்டே வருகிறது என்று எழுதியதையும் சேர்த்துச் சொன்னது. நிறைமதிக்கு முகம் சுட்டது.

பிறகு இருதயராஜ் சஃப்ரினாவைக் கூண்டில் ஏற்றினார். அந்த மடலைப் படித்ததும் பள்ளிமேல் வெறுப்பு வந்ததா என்று கேட்டார்.

சஃப்ரினா விழித்தாள். “எந்த மடல் சார்?”

“நீ பதில் போட்டிருக்கியே.”

“அது என் பதிலி போட்டிருக்கும். எல்லார்கிட்டயும் இருக்கே. ஒரு நாளைக்கு ஆயிரம் மடல் வருது, யாரு உக்காந்து படிப்பா?” அவள் நிறைமதி பக்கம் திரும்பவில்லை.

வருகிற மடலுக்கும் செய்திக்கும் ஏற்றாற்போல் தானே பதிலோ வாழ்த்தோ அனுப்பிவிடும் சில்லுப் பகுதிக்குப் பதிலி என்று பெயர். நிறைமதி தன்னுடையதை எப்போதும் அணைத்தே வைத்திருந்தாள். மற்றவர்களும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள்.

இருதயராஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது. யாருமே படிக்காத பேச்சு யாருடைய மனவுறுதியைக் குலைக்கும் என்று கேட்டார். நடுவர் ஒப்புக்கொண்டார். நீக்கம் ரத்து. இனி எந்தப் பள்ளியும் மாணவர்களின் தனி மடலைப் படிக்கக் கூடாது. காவற்செவி தன் நினைவிலிருப்பதை உடனே அழித்துவிட வேண்டும்.

எல்லோரும் கைதட்டினார்கள். நிறைமதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு, சாட்சி மேடையில் நின்ற எந்திரத்திடம் போனாள்.

“நான் எழுதினது எல்லாத்தையும் படிச்சியா?”

“எல்லாவற்றையும்.”

“கீரையைப் பத்தி என்ன நினைச்ச?”

காவற்செவி சற்றுத் தயங்கியது. “மன்னிக்கவும். எந்தக் கீரை?” அதற்குள் அழித்து முடித்திருந்தது.

வீடு திரும்பும் ஊர்தியில் நிறைமதியின் சில்லுக்குள் வாழ்த்துகள் வந்து குவிந்தன. பேச்சுரிமையைக் காத்த பெண்ணே, உன்னோடு நாங்கள் இருக்கிறோம். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வார்த்தைகள். நடுவில் அம்மாவின் பெயரிலும் ஒன்று இருந்தது: “உன்னை நினைச்சா பெருமையா இருக்குடா தங்கம்.”

திலகா பக்கத்து இருக்கையில்தான் இருந்தாள். குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.