காற்றுக்கு எதிரே ஒரு பானை

பானை காற்றுக்கு எதிராகப் போய்க்கொண்டிருந்தது. ஏரி நடுவில், வாத்துக் கூட்டத்துக்குள், கவிழ்ந்து மிதக்கும் கரிய மண்பானை. அலையெல்லாம் கரைக்கு வர, அது மட்டும் உள்ளே நகர்வது ஃபாத்திமாவுக்கு வெறுங்கண்ணிலேயே தெரிந்தது.

ஆம்ப்ரோஸ் கவனிக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து, விவேக் நகரிலிருந்து ஆனேக்கல் பக்கத்து ஏரிக்கு வந்ததிலிருந்து மனிதர் பைனாகுலரை இறக்கவே இல்லை. கல்யாணமாகி ஆறு வருஷம். எந்த வாத்துக்கு எங்கே வெள்ளைக் கோடு என்று அவருக்குத் தெரியும். பெண்டாட்டி நெற்றியில் போன மாதம் விழுந்த தழும்பு தெரியாது. அம்மா வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று சொல்லத்தான் அவள் இன்று கூட வந்திருந்தாள். சொல்லும்போது ஒரு தடவை தன் முகத்தைப் பார்த்தாரானால் போகாமலே இருந்துவிடலாம் என்ற வெட்கங்கெட்ட ஆசையும் இருந்தது.

கரையில் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஊர்க்காரியிடம் பானையைக் காட்டிக் கேட்டாள்.

"அது முனியப்பன் பானைம்மா. வாத்து புடிக்கிறவன். மொதல்ல வெறும் பானைய மெதக்க வுடுவான், வாத்துங்க பழகிடும். அப்புறம் அதையே தலையில கவுத்துக்கினு கழுத்து வரைக்கும் தண்ணில போவான். கால புடிச்சு ஒவ்வொண்ணா கீழ இழுப்பான். பக்கத்து வாத்துக்குக்கூடத் தெரியாது."

"இப்ப உள்ள இருக்கானா?"

"போன வருசமே தாமரைக்கொடில சிக்கிப் பூட்டான். பொணம்கூடக் கெடைக்கல." மூட்டையைத் தலையில் ஏற்றினாள். "பொழுது சாயறதுக்குள்ள கெளம்பிடுங்க."

அவள் போனபின், அழுகிய கோரையின் நாற்றமும், சேற்றுக்குள்ளிருந்து குமிழிகள் வந்து உடையும் மெல்லிய சத்தமும், மஞ்சள் வெயில் வடிந்து தண்ணீர் கறுக்கக் கறுக்கக் கரைவரை நீண்டு வந்த மரங்களின் நிழலும் மட்டுமே மிச்சமிருந்தன. வாத்துகள் கத்தவே இல்லை.

"வாத்துங்க கொறையுது," என்றார் ஆம்ப்ரோஸ். "ஒண்ணும் பறக்கல. எங்க போவுது?" ஷூவைக் கழற்றினார்.

"போகாதீங்க. அந்தப் பொம்பள என்ன சொன்னான்னா..."

"சும்மா இரு ஃபாத்திமா. சத்தம் போட்டா பறந்துடும்." திரும்பாமலே சொன்னார்.

கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். போய்த் தொலையட்டும் என்றிருந்தது அவளுக்கு.

இடுப்பு வரை. மார்பு வரை. கழுத்து வரை. தலையில் அகல விளிம்பு வைத்த சோலா தொப்பி, உயர்த்திய கையில் பைனாகுலர். வாத்துகள் விலகவில்லை.

பானை திரும்பியது. அவரை நோக்கி வந்தது.

"ஏங்க."

உயர்ந்திருந்த கை கீழே போனது. அலறல் இல்லை. தண்ணீர்கூடத் தெறிக்கவில்லை. பக்கத்து வாத்து இறகு கோதிக்கொண்டிருந்தது.

தொப்பி மட்டும் மிதந்தது.

கரையை நோக்கி வந்தது. காற்றுதான் தள்ளுகிறது என்று எண்ணிக்கொண்டாள். அதை எடுக்க முழங்கால் ஆழத்துக்கு இறங்கினாள். ஜில்லென்றது.

காற்று நின்றது.

தொப்பி நிற்கவில்லை.

ஆம்ப்ரோஸை நோக்கி வந்த பானையை இப்போது காணவில்லை. எங்கும் இல்லை. திரும்பி ஓடத்தான் நினைத்தாள்.

தொப்பி கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. விளிம்புக்குக் கீழே, நீர்மட்டத்தில், இரண்டு கண்கள். இமைக்கவில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஆம்ப்ரோஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.