நூலாவின் ரோஜாக் கோப்பை

சார்ஜன்ட் கோல்மன் கிரேலியின் வீட்டில் புழங்குவது ஒரே ஒரு தடித்த பழுப்பு மக். காலையில் குடித்து, அலசி, தொட்டியோரம் கவிழ்த்துவிட்டுப் போவார். அன்று மாலை நாலரைக்கே இருட்டிவிட்டிருந்தது. அயர்லாந்தின் மேயோ கடற்கரை மழை கோட்டிலிருந்து சொட்டச் சொட்டச் சமையலறை விளக்கைப் போட்டபோது, அந்த மக்குக்குப் பக்கத்தில் இன்னொன்றும் கவிழ்ந்திருந்தது. மெல்லிய பீங்கான், தங்க விளிம்பு, ரோஜாப்பூ. நீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது.

அந்தக் கோப்பையை அவருக்குத் தெரியும். அந்த ஊரில் எல்லா வீட்டுக் கண்ணாடி அலமாரியிலும் அப்படி ஒரு வரிசை உண்டு. விருந்தாளி வந்தால்தான் இறங்கும். மூன்று வாரத்துக்கு முன் கிழவி நூலா ஹெனகன் தன் வீட்டு மாடிப்படியடியில் கழுத்து முறிந்து கிடந்தாள். மேசையில் அவளுடைய பழைய மக்கும், பாதி தேநீரோடு ஒரு ரோஜாக் கோப்பையும் இருந்தன.

"சார்ஜன்ட், அதை யாரும் தொடாம பாத்துக்கோங்க," என்றாள் அன்று அங்கே அவரோடு வந்த இளம் காவலர் சோர்கா. "தனியா இருந்தா நூலா இந்தக் கோப்பைய எடுக்கவே மாட்டாங்க. யாரோ வந்திருக்காங்க."

கோல்மனும் அந்தக் கோப்பையைப் பார்த்திருந்தார். அவருக்கு இது தோன்றவில்லை. அதுதான் உள்ளே போய்க் குத்தியது. இருபத்தாறு வருடமாக ஊரார் அவர் மேசைக்குக் கொண்டுவந்த ஆப்பிள் பலகாரம் இப்போது சோர்காவின் மேசைக்குப் போகிறது. மேலதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டால், "அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?" என்றுதான் கேட்கிறார்.

"நீ போய் ரோட்டுல நில்லு," என்று அவளை அனுப்பினார். அதே நேரம் பக்கத்து வீட்டு ப்ரீஜ் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். சாவு வீட்டில் அண்டை அயலார் செய்கிற வேலைதான்.

"ஏம்ப்பா கோல்மன், நாலு பேரு வர்ற வீடு, இப்படியா கிடக்கும்? இதெல்லாம் கழுவிடட்டுமா?"

"கழுவிடு ப்ரீஜ்."

அந்த அம்மாள் அன்போடுதான் கழுவினாள். அந்த அன்பைத் தன் பொறாமைக்கு வேலைக்காரியாக்கியது அவர். அறிக்கையில் எழுதினார்: மேசையில் ஒரு கோப்பை, தவறி விழுந்த மரணம். ஒரு மாதமாக அந்தப் பக்கமே வரவில்லை என்று சொன்ன நூலாவின் அண்ணன் மகனிடம் இப்போது அந்த வீட்டுச் சாவி இருக்கிறது.

நாளைக் காலை மரண விசாரணை. சாட்சி சொல்ல வேண்டியவர் கோல்மன்.

கதவு தட்டப்பட்டது. சோர்கா. கையில் துணி சுற்றிய ரொட்டி.

"மத்தியானம் நீங்க ஒண்ணும் சாப்பிடலையே சார்ஜன்ட். சூடா இருக்கு."

"ரொட்டி சுடவும் வருமா உனக்கு? நாளைக்குப் பேப்பர்ல போட்டோ போடுவாங்களே."

"அடி கருகின ரொட்டிக்கா?" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு கோப்பை இருந்துச்சுன்னு நாளைக்கு நீங்களே சொல்லிடுங்க. தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லுங்க. நான் உங்க பக்கத்துலயே நிப்பேன்."

ஒரு வார்த்தை போதும். அது நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. கடவுளின் இரக்கம் சில நேரம் இவ்வளவு சிறிதாகத்தான் வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறது. ஆனால் கோல்மன் கண்ணுக்குத் தெரிந்தது நாளைய கூடம். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்புகிற கூடம். *அந்தப் பொண்ணு அன்னைக்கே சொல்லுச்சாமே!*

"ஒரு கோப்பைதான் இருந்துச்சு."

அவள் ரொட்டியைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். அவர் எடுக்கவில்லை. கதவை மூடியபோது, வாசலோரப் புனிதநீர்க் கிண்ணத்தில் விரல் வழக்கம்போலப் போயிற்று. கிண்ணம் வறண்டிருந்தது.

சமையலறையில் தேநீர் வாசனை வந்தது. அதற்கடியில் ஈரக் கம்பளியும் லாவெண்டர் பவுடரும் கலந்து, கிழவிகளின் அலமாரியைத் திறந்தால் வருகிற வாசனை. மேசையில் ஒரு ரோஜாக் கோப்பை. பாதி தேநீர். ஆவி பறந்தது.

குழாயைத் திறந்தார். கொட்டினார், தேய்த்தார், கவிழ்த்தார். திரும்பினார்.

மேசையில் இரண்டு.

"ஒண்ணுதான்," என்றார் வாய்விட்டு. "ஒண்ணுதான் இருந்துச்சு."

மூன்று.

கழுவினார். வெந்நீரில் விரல்கள் சிவந்தன. பின்னால் மரப்படி கிரீச்சிட்டது. அவர் வீட்டில் மாடி கிடையாது. ஒரு படி. இன்னொரு படி. பிறகு ஏதோ உருண்டு வருகிற சத்தம். பிறகு மௌனம்.

திரும்பக் கூடாது. கழுவு. தேய்.

கழுவிய கோப்பையை, பக்கத்தில் ஆள் நின்றால் நீட்டுவதுபோல, தன்னையறியாமல் இடப்பக்கம் நீட்டினார்.

கை காலியாயிற்று. சில்லென்ற விரல்கள் அதை வாங்கிக்கொண்டன.

துணி பீங்கானில் உரசியது. மெதுவாக. பொறுமையாக.

தொட்டிக்கு மேலிருந்த சன்னல் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், தலை முழுக்கத் தன் தோளிலேயே சாய்ந்து கிடக்க, துண்டும் கையுமாக நூலா அடுத்த கோப்பைக்காகக் காத்து நின்றாள்.